நாக்சோஸ் தீவில் அம்மாவும் குழந்தையும் இறங்கக்கூடிய, அலை இல்லாத கடற்கரை எது?

ஈசிஆர்_பயணி:

குடும்பத்தோடு கிரீஸ் போகிறோம். தீவு நாக்சோஸ் என்பது முடிவாகிவிட்டது. தேதிதான் இழுபறி: ஆகஸ்ட் 15ஐ ஒட்டியா, செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவிலா? கூட வருவது அம்மா, மனைவி, 8 வயதுப் பெண். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் தேய்மானம், நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே போதும் என்கிறார். மனைவியும் மகளும் நீச்சல் குளத்தில் பழகியவர்கள். 25 மீட்டர் நிற்காமல் போவார்கள், கடலில் நீந்திப் பழக்கமே இல்லை. நம்ம ஊர்க் கடலில் யார் நீந்த விடுகிறார்கள்!

யூடியூபைத் திறந்தால் எல்லாக் கடற்கரையும் சொர்க்கம்தான். எங்கே அலை அடிக்காது, எங்கே மெதுவாக ஆழமாகும், எங்கே அம்மா கல்லில் கால் வைக்காமல் இறங்கலாம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. பெயர் சொன்னால் நல்லது. நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வழி சொன்னால் இன்னும் நல்லது. தண்ணீர் ரொம்பக் குளிருமா?

பாய்மரம்:

தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம் சார், பாதி விடை அதிலேயே இருக்கு.

ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். ஜூலையும் ஆகஸ்ட்டும் அதன் ராஜ்ஜியம். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும், ஆனால் காற்று 5, 6 போஃபோர்ட்டில் (காற்றின் பலத்தைச் சொல்லும் படிநிலை) நாள்கணக்கில் விடாமல் வீசும். அதாவது மணிக்கு 29 முதல் 49 கிலோமீட்டர். நாக்சோஸுக்கும் பாரோஸுக்கும் நடுவில் உள்ள நீரிணையில் அது நெருக்கப்பட்டு இன்னும் வேகம் எடுக்கும். நாக்சோஸின் பேர்போன மணல் கரைகள் எல்லாம் அந்த மேற்குப் பக்கம்தான்.

செப்டம்பர் பாதிக்கு மேல் இந்தக் காற்று தளர்ந்துவிடும். கடலோ அப்போதும் சூடு குறையாமல் இருக்கும். என் ஓட்டு காலாண்டு லீவுக்குத்தான். அதற்கும் விலை உண்டு: பஸ் குறையும், சீசன் முடிந்ததால் லைஃப்கார்டு இல்லாமல் போகலாம், இடையில் ஓரிரு நாள் தெற்குக் காற்று திரும்பலாம். நம் பள்ளிகளின் பெரிய லீவு, அதாவது ஏப்ரல், மே, இதற்கு ஆகாது. மே மாதத்தில் அந்தக் கடல் 20 டிகிரியைத் தொடவே திணறும்.

சென்னைக்காரர்கள் ஒரு கணக்கை மாற்றிப் போட வேண்டும். மெரினாவில் காற்றே இல்லாத நாளிலும் அலை மடாரென்று விழும். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்த அலை அது. ஏஜியனில் அந்தச் சங்கதி இல்லை. சுற்றிலும் தீவுகள், அலை வளர நீண்ட வெளி கிடையாது. அங்கே அலை என்பது அன்றைய காற்றின் வேலை. காற்று நின்றால் சில மணி நேரத்தில், மிஞ்சினால் மறுநாளைக்குள் கடல் படுத்துவிடும். ஆக, காற்று முன்னறிவிப்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு அலை முன்னறிவிப்பு தனியாகத் தேவையே இல்லை. ஓதமும் பொருட்டல்ல. ஏற்ற இறக்கம் சில பத்து சென்டிமீட்டர்தான், காலையில் பார்த்த ஆழமே மாலையிலும் இருக்கும்.

விண்டி, விண்ட்குரு என்ற காற்று முன்னறிவிப்பு ஆப் இரண்டில் ஏதாவது ஒன்றை போனில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு ஒரு முறை, காலையில் கிளம்பும் முன் ஒரு முறை பாருங்கள். 10 மணி, 1 மணி, 4 மணி என்று மூன்று கட்டத்தைப் பார்த்தால் போதும், ஏனென்றால் மெல்டெமி மதியம்தான் உச்சத்துக்கு ஏறும். வடக்கு என்று போட்டிருந்தால் வடக்கிலிருந்து வருகிறது என்று பொருள். அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு நேராக அலைக்கு எதிரில் போய் நிற்பவர்கள் ஏராளம். சராசரி வேகத்துக்குப் பக்கத்தில் வீச்சு வேகம், அதாவது திடீரென்று தூக்கி அடிக்கும் காற்றின் வேகம், தனியாக இருக்கும், அதையும் பாருங்கள்.

3 போஃபோர்ட் வரை, அதாவது மணிக்கு 19 கிலோமீட்டருக்குள், எந்தக் கரையும் சரிதான். 4 என்றால் காற்றுக்கு முதுகு காட்டும் கரையாகப் பார்த்துப் போங்கள். 5 என்றால் மேடு மறைக்கும் விரிகுடா மட்டும், அதுவும் காலையில். 6 வந்தால் குழந்தையோடு கடல் வேண்டாம், மலையில் ஊர் பார்க்கப் போங்கள். ஹல்கியும் அபெய்ராந்தோஸும் அந்த நாளுக்காகவே இருக்கின்றன.

நீலமேகம்:

பெயர்களுக்கு வருகிறேன். பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் அங்கே போய் இறங்குபவருக்குப் பிரயோஜனம் இல்லை.

அகியோஸ் ஜார்ஜியோஸ்: தலைநகரான ஹோராவின் தெற்கு விளிம்பு, ஊரிலிருந்து நடந்தே போகலாம். பொடி மணல், ரொம்ப தூரம் போனாலும் இடுப்பைத் தாண்டாத ஆழம். உங்கள் அம்மாவுக்கு முதல் தேர்வு இதுதான். ஊரை ஒட்டிய வடக்கு முனையில் இறங்குங்கள். தெற்கே நடக்க நடக்கக் காற்று தூக்கும், கோடியில் விண்ட்சர்ஃப் பழகுகிறார்கள். ஒரே கரையில் இரண்டு கடல்.

அகியோஸ் புரோக்கோபியோஸ்: ஹோராவிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர். வடக்கே ஸ்டெலிடா குன்று அணைபோல் நிற்பதால் மெல்டெமி நாளிலும் தண்ணீர் அடங்கியிருக்கும். படங்களில் மின்னும் அந்த நீலம் பெரும்பாலும் இந்த இடம்தான். ஆனால் மணல் பருமன். பரு மணல் கரை எப்போதும் செங்குத்தாக இறங்கும், பொடி மணல் கரை சாய்வாகப் போகும், இது உலகம் முழுக்க ஒரே விதி. இங்கே நாலு எட்டு வைத்ததும் ஆழம் மார்பளவுக்கு வந்துவிடும். விளிம்பில், சிற்றலை வந்து திரும்பும் இடத்தில், பருமணல் குவிந்து ஒரு சின்னப் படி மாதிரி இருக்கும். நமக்குத் தெரியாது, தேய்ந்த முழங்காலுக்குத் தெரியும். மனைவியும் மகளும் நீந்த அருமையான இடம், அம்மாவுக்கு இரண்டாம் பட்சம்.

அகியா அன்னா: அதற்கு அடுத்த ஊர், படகுத்துறை உள்ளது. மணல் மென்மை, இறக்கம் மிதம். துறையின் மறைவில் இருக்கும் துண்டுக் கரை காற்று நாளில் கைகொடுக்கும்.

பிளாக்கா: சுமார் 4 கிலோமீட்டர் நீளம், நேர்க்கோடு, மறைப்பு எதுவும் இல்லை. காற்றில்லாத நாளில் அழகு, காற்று நாளில் மணல் காலில் ஊசியாகக் குத்தும். சில பகுதிகளில் ஆடையில்லாமல் குளிப்பவர்கள் உண்டு. அம்மாவோடு போகும்போது இதை முன்கூட்டித் தெரிந்துவைத்துக்கொள்வது உத்தமம்.

அதற்கும் தெற்கே மிக்ரி விக்லா, கைட்சர்ஃப் ஆட்களின் கோட்டை. அவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே நமக்கு வேலை இல்லை. வடமுனையில் உள்ள அப்பொல்லோனாஸ் வடக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது, மெல்டெமியில் அலை நேராக உள்ளே வரும். தெற்குக் காற்று வந்தால் கதை மாறும்: புரோக்கோபியோஸில் அலை எழும், வடக்கு பார்த்த கரைகள் அடங்கும். ஆகவே "இந்தக் கரை அமைதியானது" என்று யாராவது சொன்னால், எந்தக் காற்றுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

சாட்டிலைட் படத்தில் நீங்களே பார்க்கலாம். கரையிலிருந்து வெளிர் பச்சை நிறம் கருநீலமாக மாறும் இடம்வரை அளவுகோலை இழுங்கள். 50 மீட்டருக்கு மேல் வெளிர் நிறமாகவே போனால் ஆழம் குறைவு. 15 மீட்டரிலேயே கருத்தால் செங்குத்து. தள்ளி ஒழுங்கற்ற கரும் திட்டுகள் தெரிந்தால் அது பொசிடோனியா என்ற கடல்புல், பயம் இல்லை. கரையோரம் குவியும் பழுப்பு ஓலைகளும் அதனுடையவைதான், அழுக்கு என்று ஓட வேண்டாம். ஆனால் தண்ணீர் விளிம்பை ஒட்டி, கரைக்கு இணையாக, கோடு போட்ட மாதிரி ஒரு கரும் பட்டை தெரிந்தால் அது மணலே இறுகிய பாறைத் தளம். மேலே பாசி பிடித்து எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவரை அந்த இடத்தில் இறக்கவே கூடாது. கரை முழுக்க மணலாக இருந்தும் இறங்கும் இடத்தில் மட்டும் இது இருக்கும், அதனால்தான் படம் பார்த்து ஏமாறுகிறோம்.

பயணிகள் போடும் படங்களில் கடலை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதைப் பாருங்கள். மரமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தால் அது காற்று வழி. சின்ன மீன்பிடிப் படகுகள் கரையோரம் மிதவையில் கட்டிக் கிடந்தால் அடைப்பான இடம், உள்ளூர் மீனவர் தன் படகை அலையில் விட மாட்டார்.

கட்டுமரம்72:

மேலே இருவர் சொன்னதும் சரி. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கு, அதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து.

காற்றுக்கு முதுகு காட்டும் கரையில் காற்று எந்தப் பக்கம் போகும்? நிலத்திலிருந்து கடலுக்கு. கரையோரம் தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருக்கும், அலை என்பதே இருக்காது. அங்கே காற்றடைத்த மெத்தை, ஃபிளமிங்கோ, டோனட் டியூப் எதையாவது போட்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அதைப் பாய்மரமாக்கிக் கடலுக்குள் தள்ளும். பெரியவர் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் போகும். 50 மீட்டர் தள்ளினால் கரையின் மறைவு முடிந்து காற்று இன்னும் ஏறும். அமைதியான கரையில் குழந்தைகள் மாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். நம் கடலில் அலை திருப்பித் தள்ளும் என்ற பழக்கத்தில் இதை யோசிக்கவே மாட்டோம்.

இன்னொன்று. "வடக்குக் காற்றா, தெற்குப் பக்கம் போ" என்பது தாழ்வான நிலத்துக்குப் பொருந்தும். நாக்சோஸில் சாஸ் மலை 1,000 மீட்டர் உயரம். பலத்த மெல்டெமி அந்த மாதிரி மலையில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது, அடிவாரத்தில் வீச்சு வீச்சாக, திசை மாறி மாறி அறையும். கிரீட் தீவின் தென்கரையில் உள்ள பிளாக்கியாஸ் இதற்குப் பேர்போனது. நல்ல மறைப்பு என்பது பெரிய மலை அல்ல. தாழ்ந்த மேடு, பக்கத்திலேயே, கடலுக்குள் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஸ்டெலிடா நன்றாக வேலை செய்வது அதனால்தான்.

நீச்சல்குளத்து ஆட்களுக்கு: கரைக்கு இணையாக நீந்தச் சொல்லுங்கள், மார்பளவு ஆழத்தில். கடலை நோக்கி வேண்டாம். குளத்தில் 25 மீட்டர் என்பது கடைசியில் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கும் 25 மீட்டர். முதலில் காற்றை எதிர்த்து நீந்தி, களைத்த பிறகு காற்றோடு திரும்பட்டும். இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் ஆரஞ்சு மிதவை ஒன்று வாங்கிக்கொண்டால் படகுக்காரர் கண்ணில் படுவார்கள். மிதவைக் கோடு போட்டிருந்தால் அதைத் தாண்ட வேண்டாம்.

ஈசிஆர்_பயணி:

அருமை. டியூப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு யூனிகார்ன் ஆர்டர் போட்டிருந்தேன், ரத்து செய்கிறேன். அப்படியானால் அவளுக்கு என்ன கொடுக்கலாம்? கைச்சட்டை மாதிரி போடும் ஆர்ம் பேண்ட்? அம்மா சுடிதாரோடுதான் இறங்குவார், பரவாயில்லையா?

சோழிக்கடல்:

ஆர்ம் பேண்ட் வேண்டாம் தம்பி. வழுக்கிக் கழன்று வரும், 8 வயதுக்குப் பத்தாது. எடைக்கு ஏற்ற, அடியில் கால்களுக்கு நடுவே பட்டை போகும் மிதவை ஜாக்கெட் வாங்குங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறி வந்தால் பெரிய அளவு, மாற்றுங்கள். ஜாக்கெட் போட்டிருந்தாலும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், கடல் பக்கமாக நிற்க வேண்டும். கரையில் உட்கார்ந்து பார்ப்பது கணக்கில் சேராது.

பருத்திச் சுடிதார் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனம் காலைப் பின்னும், துப்பட்டா கழுத்தைச் சுற்றும், வெளியே வந்த பிறகு காற்றில் காயும்வரை நடுக்கம் விடாது. முழுக்கை லைக்ரா மேல்சட்டை, கணுக்கால்வரை லெகின்ஸ், மேலே முட்டிவரை நீச்சல் பாவாடை, இவை நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். வெயிலுக்கும் அதுவே காவல். அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

குளிர் பற்றி: நம் கடல் 28, 29 டிகிரி. அங்கே ஆகஸ்டில் 24, 25, செப்டம்பர் கடைசியில் 23 சொச்சம். இறங்கும்போது மூச்சு ஒரு கணம் இழுக்கும். முதலில் கை, கழுத்து, முகம் நனைத்து, இடுப்பளவில் ஒரு நிமிடம் நின்று, மூச்சு சீரான பிறகு முங்கச் சொல்லுங்கள். குழந்தையை 20 நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே கூப்பிட்டு, துடைத்து, உலர்ந்த சட்டை மாட்டுங்கள். உதடு நீலமாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

உப்பு அங்கே கூடுதல், கிலோ தண்ணீருக்கு 38, 39 கிராம். சென்னைக் கடலில் அவ்வளவு இல்லை. நீந்துபவருக்கு இது வரம். நீச்சல் தெரியாதவருக்கு வேறு மாதிரி: மார்பளவுக்குப் போனால் கால் தானாகத் தரையை விட்டு எழும், மல்லாந்தால் திரும்ப ஊன்றத் தெரியாமல் பதறுவார்கள். அம்மா இடுப்பளவோடு நிற்கட்டும். ஒரு மலையேற்றக் கைத்தடி கொண்டுபோங்கள், இறங்கும்போதும் ஏறும்போதும் முட்டிக்கு அது பெரிய துணை. முனைக்குச் சற்று மேலே அகலமான வட்டத் தட்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் மணலில் புதையும்.

நடக்கவே சிரமம் என்றால் கிரீஸில் பல கரைகளில் சீட்ராக் என்ற தண்டவாள நாற்காலி வைத்திருக்கிறார்கள். சூரிய மின்சாரத்தில் ஓடும். உட்கார்ந்தால் தண்ணீர்வரை கொண்டுபோய் விட்டு, திரும்ப மேலே ஏற்றிவிடும். எந்தெந்தக் கரையில் என்று அவர்கள் தளத்தில் பட்டியல் இருக்கு. நீங்கள் போகும் வாரத்தில் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலுக்கு ரப்பர் அடி வைத்த நீர்க்காலணி எல்லோருக்கும். பாறையில் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், முள் ஏறினால் உடைந்து உள்ளேயே தங்கும். மணலில் புதைந்திருக்கும் வீவர் மீனை மிதித்தால் வலி உயிர் போகும். தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 40 முதல் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி நேரமாவது காலை வைத்தால் விஷம் அடங்கும். ஊதா நிறச் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, தேய்க்கக் கூடாது.

எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பொது அவசரம் 112. ஆம்புலன்ஸ் 166. அங்கே 108 அடித்தால் கடலோரக் காவல் படை எடுப்பார்கள். நம்ம ஊர்ப் பழக்கத்தில் கை தானாக 108க்குத்தான் போகும்.

பாய்மரம்:

தேதி ஆகஸ்ட் என்றே ஆகிவிட்டால் தீவை மாற்றுவதையும் யோசிக்கலாம். மேற்கே அயோனியன் கடலில் இருக்கும் கோர்ஃபுவில் மெல்டெமியின் பிடி இல்லை. மதியம் வடமேற்கிலிருந்து மாயிஸ்ட்ரோ எழும், பொழுது சாயும்போது அடங்கும், அவ்வளவுதான். தீவின் கிழக்குக் கரை, தாசியா, இப்ஸோஸ் பக்கம், எதிரே அல்பேனிய மலை, குளம் மாதிரி கிடக்கும். மணலை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் கூழாங்கல். அம்மாவுக்கு அது சரிப்படுமா என்பதுதான் கேள்வி. செப்டம்பரில் போவதானால் நாக்சோஸே இருக்கட்டும். அயோனியனில் அந்த மாதம் அபூர்வமாகப் புயல் கிளம்புவதுண்டு, 2020 செப்டம்பரில் இயானோஸ் கெஃபலோனியாவைப் புரட்டிப் போட்டது.

ஈசிஆர்_பயணி:

செப்டம்பர், நாக்சோஸ். முடிவு செய்துவிட்டோம். கடைசியாக ஒன்று: அறை எங்கே எடுப்பது, ஹோராவிலா, புரோக்கோபியோஸிலா?

நீலமேகம்:

ஹோராவின் தெற்கு ஓரம், அகியோஸ் ஜார்ஜியோஸை ஒட்டி. செப்டம்பர் கடைசியில் கடற்கரை ஊர்களில் கடைகள் ஒவ்வொன்றாக மூடும், ஹோராவில் மருந்துக்கடை, உணவகம், துறைமுகம் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும். அம்மாவுக்குப் பிடித்த கரை வாசலிலேயே, மகளுக்குப் பிடித்தது பஸ்ஸில் கொஞ்ச நேரம். கேட்டெல் பஸ் துறைமுகத்திலிருந்தே கிளம்பும். டிக்கெட்டை முன்கூட்டி வாங்க வேண்டுமா என்று நிலையத்தில் கேளுங்கள், திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை அன்றன்று பலகையில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறை போடும் முன் விடுதிக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: தரைத்தளமா, கரைக்கு எத்தனை படி இறங்க வேண்டும், அந்தத் தேதியில் நிழற்குடையும் சாய்நாற்காலியும் இருக்குமா. "கடற்கரை 100 மீட்டர்" என்று போட்டிருப்பார்கள், நடுவில் 40 படி இருப்பதைப் போட மாட்டார்கள்.